ஆப்கன் பிள்ளைகளுக்கான வகுப்பு: சனிக்கிழமை கூட்டம்

தோழிகளே, வணக்கம்.

மார்ச் பின்பாதியில் ஆப்கானிஸ்தானில் பள்ளி திறக்கும். ஆறாம் வகுப்பைத் தாண்டிய பெண் பிள்ளைகளுக்கு மட்டும் கிடையாது. 2022 மார்ச் 23 அன்று திறக்கிறோம் என்று தாலிபான் அரசு சொல்லி, வந்து உட்கார்ந்த பிள்ளைகளை அன்றைக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்த டிசம்பரில் பல்கலைக்கழகமும் போனது. 2024 டிசம்பரில் நர்சிங், மருத்துவச்சிப் படிப்பும்.

நம் ஆன்லைன் வகுப்புக்கு இன்னும் ஆள் வேண்டும்.

கூட்டம்: 14.03.2026 சனி, இரவு 7.30, கூகுள் மீட்.

1. கணக்குக்கு 4 பேர், ஆங்கிலத்துக்கு 2 பேர். வாரம் இரண்டு மணி நேரம்.
2. காபூல் நேரம் நமக்கு ஒரு மணி பின்னால். அங்கே வெள்ளி விடுமுறை.
3. கேமரா போடச் சொல்லாதீங்க. உண்மைப் பெயர், ஊர் கேட்காதீங்க. ஸ்கிரீன்ஷாட்டை ஸ்டேட்டஸில் போடவே கூடாது. அது அவங்க உயிர் சம்பந்தப்பட்டது.
4. பாடத்தாளைச் சின்ன சைஸில் அனுப்புங்க, நெட் மெதுவு. 2025 செப்டம்பர் கடைசியில் நாடு முழுக்க இணையமே நின்றது.
5. தாரி (அந்தப் பிள்ளைகளின் மொழி) எண்களைப் பழகிக்கோங்க. ஒரு பிள்ளையின் நோட்டில் எல்லா விடைக்கும் தப்புப் போட்டேன். அவள் எழுதிய 5 வட்டமாக இருந்ததால் பூஜ்யம் என்று படித்துவிட்டேன். அவர்களுக்குப் பூஜ்யம் வெறும் புள்ளி. மன்னிப்புக் கேட்டதும் சிரித்தாள்.

வியாழன் இரவுக்குள் பாடம், உங்களுக்குத் தோதான கிழமை இரண்டையும் இங்கேயே எழுதுங்க. முடியாதென்றாலும் சொல்லிடுங்க. கைகூப்பு எமோஜியைப் பதிலாக எடுத்துக்க மாட்டேன். பண வசூல் எதுவும் இல்லை.

– ஒருங்கிணைப்பாளர், 1996 பேட்ச்