மார்ச்சில் வராதீர்கள்: சென்னை நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சி.எஸ்.ஆர். (நிறுவன சமூகப் பொறுப்பு) குழுவினருக்கும் மனிதவளப் பிரிவினருக்கும் வணக்கம்.

அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோரும் ஆசிரியர்களும் எழுதுகிறோம். பிப்ரவரி பாதி கடந்ததும் பள்ளிகளுக்கு அழைப்புகள் வரத் தொடங்கும்: "நாற்பது பேர் வருகிறோம், ஒரு நாள் வேலை இருக்கிறதா? மார்ச் 31க்குள் முடிக்க வேண்டும்." மார்ச் பொதுத்தேர்வு மாதம். பள்ளி தேர்வு மையமாகவும் இருந்தால் தேர்வு நேரத்தில் வெளியாரை உள்ளே விடவே முடியாது. இன்னொரு கூட்டம் அக்டோபர் 2 முதல் 8 வரை, 'தான் உத்சவ்' என்னும் கொடை வாரத்தில் வரும். அது காலாண்டு விடுமுறையை ஒட்டிய வாரம். பல ஆண்டுகளில் பாதி நாள் பிள்ளைகளே இருக்க மாட்டார்கள்.

இந்த அவசரத்தைச் சட்டம் கேட்கவில்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவு, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடச் சொல்கிறது. ஒரு பணியை இயக்குநர் குழு 'தொடர் திட்டம்' என்று ஏற்றுக்கொண்டால், தொடங்கிய ஆண்டைத் தவிர இன்னும் மூன்று நிதியாண்டுகள் அதை நடத்தலாம். மீதிப் பணத்தை மார்ச் முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றினால் போதும். தொடர் திட்டமாக இல்லாத பணிக்கு ஒதுக்கிச் செலவாகாத பணம்தான் ஆறு மாதத்துக்குள் பிரதமர் நிவாரண நிதி போன்றவற்றுக்குப் போய்விடும். ஊழியர்கள் தரும் நேரத்துக்கு விலை போட்டு அந்த 2 சதவீதத்தில் சேர்க்க முடியாது என்பதையும் பெருநிறுவன விவகாரங்கள் அமைச்சகம் 2021 ஆகஸ்ட் விளக்கத்திலேயே சொல்லிவிட்டது. ஆக, ஊழியர்கள் பள்ளிக்கு வரும் நாளுக்கும் மார்ச் 31க்கும் சம்பந்தமே இல்லை.

வந்தவர்கள் பெரும்பாலும் கேட்கும் வேலை சுவருக்குப் பெயின்ட் அடிப்பது. ஒரு கணக்கு சொல்கிறோம். 20 அடிக்கு 20 அடி வகுப்பறை, 10 அடி உயரம் என்றால் கதவு, சன்னல் போகச் சுமார் 700 சதுர அடி சுவர். இரண்டு கோட் எமல்ஷனுக்கு 12 லிட்டர் பிடிக்கும். அந்த அறைக்குள் ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் வேலை செய்ய இடமில்லை. மீதி முப்பத்துநான்கு பேர் படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள். பழைய சுவரில் பெரும்பாலும் சுண்ணாம்புப் பூச்சு இருக்கும். அதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பட்டி பார்த்து, பிரைமர் அடித்துக் காயவிடாமல் நேராக எமல்ஷன் அடித்தால் அடுத்த மழைக்காலத்தில் தோல் தோலாக உரியும். மொட்டை மாடி ஒழுகினால் இவ்வளவும் செய்தும் பயனில்லை, சுவர் உப்புப் பூத்துவிடும். ஒழுகலை அடைப்பதும் சுரண்டுவதும் கூலிக்கு ஆள் வைத்து மே மாதத்தில் முடிக்க வேண்டிய வேலை. அதற்குப் பணம் கொடுங்கள். கடைசிக் கோட்டை வேண்டுமானால் உங்கள் ஊழியர்கள் ஆறு ஆறு பேராக வந்து அடிக்கட்டும்.

அடுத்தது குடிநீர் இயந்திரம். திறப்பு விழாவில் ஓடும், இரண்டாம் ஆண்டில் நிற்கும். வாங்குவதற்கு முன் தண்ணீரின் டி.டி.எஸ். அளவை, அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. குழாய்த் தண்ணீர் அதற்குள் இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை, வடிகட்டியும் யு.வி. விளக்கும் போதும். ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும், கோடையில் லாரித் தண்ணீரை நம்பும் பள்ளிக்கு அது பெரிய நஷ்டம். உப்பேறிய ஆழ்துளைக் கிணற்றுக்கு ஆர்.ஓ. வேண்டியதுதான். அங்கே முன்வடிகட்டிகளை ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள்ளும், மெம்பிரேனை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்ற யார் பணம் தருவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இயந்திரத்தின் மேல் உங்கள் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் பழுது பார்ப்பவரின் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். கழிப்பறையும் இதே கதைதான்: கட்ட ஆள் உண்டு, தினமும் கழுவுபவருக்குச் சம்பளம் தர ஆள் இல்லை.

பைகள், நோட்டுப் புத்தகங்கள் வேண்டாம். பாடநூல், நோட்டு, பை, சீருடை, காலணி, வடிவியல் பெட்டி, வண்ணப் பென்சில் எல்லாவற்றையும் தமிழ்நாடு அரசே விலையில்லாமல் கொடுக்கிறது. மாலைச் சிறப்பு வகுப்புக்கு உட்காரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுக்கத்தான் பல பள்ளிகளில் நிதி கிடைப்பதில்லை. ஒருவருக்கு 30 கிராம் காய்ந்த கடலை என்றால் நாற்பது பேருக்கு நாளொன்றுக்கு 1.2 கிலோ, அவ்வளவுதான்.

பழைய மடிக்கணினி தருவதாக இருந்தால் தரவை முழுதாக அழித்து, சார்ஜரோடு, ஒரு மணி நேரமாவது பேட்டரி நிற்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருளை உரிய அனுமதி இல்லாமல் கழிவு செய்ய முடியாது. ஓடாத முப்பது கணினிகள் ஓர் அறையை ஆண்டுக்கணக்கில் அடைத்துக்கொள்ளும்.

எங்கள் யோசனை ஒன்று உண்டு. பொருள் வாங்குவதை நிறுவனப் பணத்திலும், அதை ஓட்டும் செலவை ஊழியர்களின் மாதாந்திர நன்கொடையிலும் வையுங்கள். 200 பேர் மாதம் 100 ரூபாய் சம்பளத்தில் பிடிக்கச் சம்மதித்தால் 20,000 ரூபாய். கழிப்பறை சுத்தம், வடிகட்டி, சுண்டல் மூன்றும் அதில் ஓடும். புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்த நன்கொடைக்கு வரிக்கழிவு கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு ரசீது கேட்டு மனக்கசப்பு வேண்டாம். பணத்தைத் தலைமையாசிரியர் கையில் ரொக்கமாகத் தராதீர்கள். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை பெறத் தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகவோ மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கு வழியாகவோ வரட்டும்.

நேரம் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு ஏற்ற வேலை வாசிப்புப் பயிற்சி. ஆறாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் திணறும் பிள்ளைகள் உண்டு. நான்கு பிள்ளைகளுக்கு ஒருவர், வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம், பன்னிரண்டு வாரம், அதே முகம். மூன்றாம் வாரம் அலுவலகத்தில் வேலை நெருக்கும், ஆள் வருவதை நிறுத்திவிடுவார், ஏற்கெனவே வெட்கப்படும் பிள்ளை இன்னும் சுருங்கிவிடும். அதனால் ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு பேரைப் பெயர் சொல்லி ஒதுக்குங்கள், ஒருவர் வராத நாளில் மற்றவர் வரட்டும். எந்தப் பெரியவரும் பிள்ளையோடு தனியறையில் இருக்கக் கூடாது, தொலைபேசி எண் பரிமாறக் கூடாது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளின் முகம் தெரியும் படம் எங்கேயும் போடக் கூடாது. இதை ஊழியர்களிடம் கையெழுத்து வாங்கியே அனுப்புங்கள். மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக்கு நாளாகும், அதற்கும் இடம் விட்டுத் திட்டமிடுங்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் நடக்கும் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு உங்களில் இரண்டு பேரை மட்டும் அனுப்புங்கள். ஒருவர் செலவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் உள்ளவராக இருக்கட்டும், இன்னொருவர் உங்கள் கட்டடப் பராமரிப்புப் பிரிவின் பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ யாராவது. தேவைப் பட்டியலோடு காத்திருப்போம்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் சிலர்