ஸ்டாஃபோர்ட்ஷையர் புல் டெரியர் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஓராண்டில் சங்கம் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். உறுப்பினர் சேர்க்கை, விலகல் பற்றிய விவரங்கள் பதிவேட்டில் உள்ளன, விரும்புவோர் பார்த்துக்கொள்ளலாம். நம்மை நாடி வரும் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இந்த நாயின் பலத்தைப் பற்றித்தான். பலம் பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. பார்த்தால் தெரியாத கண்ணிலும் மூளையிலும் உடல் வெப்பத்திலும்தான் இந்த நாய் நம் பொறுப்பில் இருக்கிறது என்பதையே ஆண்டு முழுவதும் எடுத்துச் சொல்லி வந்தோம்.

ஆண்டின் முதல் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் இனத்தின் வரலாற்றைச் சுவையாக விளக்கினார். இங்கிலாந்தில் காளையின் மீது நாயை ஏவிவிடும் பந்தயம் 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பின்னர், நாய்ச்சண்டை மறைவிடங்களில் தொடர்ந்தது. பழைய புல்டாக்கையும் டெரியரையும் கலந்து உருவான இந்த நாய் அந்த இருண்ட காலத்திலிருந்து வந்ததுதான். அந்நாட்டில் நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது 1935-இல். அதே ஆண்டில், சங்கிலி அடிக்கும் பட்டறைகளுக்குப் பெயர்போன கிராட்லி ஹீத்தில், ஜோ மாலன் நடத்திய மதுவிடுதியில் கூடியவர்கள் முதல் இனச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அப்போது வகுத்த வரையறையில் உயரம் 15 முதல் 18 அங்குலம். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அதை 14 முதல் 16 அங்குலமாகக் குறைத்தவர்கள் எடையைக் குறைக்கவில்லை. முன்பிருந்த எடை குட்டையான உடலுக்குள் அடங்க வேண்டியதாயிற்று. இன்று நாம் காணும் கட்டுமஸ்தான உருவத்துக்கு அந்தத் திருத்தமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. இதைவிட உயரமான அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷையர் டெரியர் வேறு இனம் என்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணி வந்த விசாரணைகள் இவ்வாண்டும் குறையவில்லை.

இந்த உரைக்குப் பின் யாரோ சொன்ன யோசனையின்படி அடுத்த கூட்டத்துக்கு எடை பார்க்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தோம். ஆண் நாய்க்கு 13 முதல் 17 கிலோ, பெட்டைக்கு 11 முதல் 15.4 கிலோ என்பது வரையறை. அந்த அளவைத் தாண்டிய ஒவ்வொரு நாயின் உரிமையாளரும் அது முழுக்கத் தசைதான் என்று உறுதியாகக் கூறினார். சொன்னவர்களில் நானும் ஒருவன். விலாவின் மேல் விரல்களை மெல்ல ஓட்டினால் எலும்புகள் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து நோக்கினால் இடை ஒடுங்கித் தெரிய வேண்டும் என்று மருத்துவர் கற்றுத்தந்த சோதனையில் என் நாய் இரண்டிலும் தோற்றது. கூடுதல் எடை முழங்கால் தசைநார்களுக்குச் சுமையாகும் என்பதால் தீனியின் அளவைக் குறைத்தேன். பயிற்சிக்குக் கொடுக்கும் சிறு தின்பண்டங்களையும் அந்த அளவுக்குள் சேர்க்க வேண்டும் என்பதை எனக்கு உணர்த்த ஒரு கூட்டம் தேவைப்பட்டது.

இவ்வாண்டு அதிக நேரம் எடுத்துக்கொண்டது மரபணுச் சோதனை பற்றிய விவாதம். இந்த இனத்தில் இரண்டு பரம்பரை நோய்களைச் சோதனையால் முன்கூட்டியே அறியலாம். ஒன்று, சுருக்கமாக எல்-2-எச்ஜிஏ எனப்படும் வளர்சிதை மாற்றக் கோளாறு. உடல் சிதைத்து வெளியேற்ற முடியாத ஓர் அமிலம் மூளையில் சேர்ந்து தள்ளாட்டம், நடுக்கம், ஓடிய பின் தசை விறைத்தல், வலிப்பு ஆகியவற்றை உண்டாக்குகிறது. அறிகுறிகள் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் தோன்றுகின்றன. சில நாய்களில் பல ஆண்டுகள் கழித்தே தெரியவரலாம். மற்றொன்று பரம்பரைக் கண்புரை: பிறக்கும்போது தெளிவாக இருக்கும் கண்கள் சில மாதங்களுக்குள் மங்கத் தொடங்கி, இரண்டு மூன்று வயதுக்குள் பார்வை முற்றிலும் போய்விடுகிறது. இரண்டு நோய்களுமே தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் மட்டுமே குட்டியில் வெளிப்படுகின்றன. ஆகவே குறையைச் சுமந்தும் நலமாகத் திரியும் இரு நாய்களை இணைசேர்த்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. குறையைச் சுமக்கும் நாயைக் குறையற்ற நாயுடன் சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் நோய் வராது, சிலவற்றுக்கு அந்தச் சுமை மட்டுமே தொடரும்.

சுமக்கும் நாய்கள் அனைத்தையும் இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிடலாம் என்று சில உறுப்பினர்கள் வாதிட்டார்கள். அந்த ஆர்வத்தை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. நல்ல நாய்களை ஒரேயடியாக ஒதுக்கினால் இனத்தின் மரபு வட்டம் குறுகி, இன்று நமக்குப் பெயர் தெரியாத வேறு குறைகள் தலைதூக்கும். மேலும், கண்ணின் உட்பகுதியில் பிறவியிலேயே அமையும் குறைபாடு ஒன்றும் பின்புறக் கண்புரை ஒன்றும் இந்த மரபணுச் சோதனைகளில் சிக்குவதில்லை. முதலாவதைக் குட்டிகள் ஆறு வார வயதில் இருக்கும்போதும், இரண்டாவதை வளர்ந்த நாய்க்கு ஆண்டுதோறும், கண் மருத்துவர் கருவி கொண்டு பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இவ்வாண்டின் வருந்தத்தக்க நிகழ்ச்சியையும் பதிவு செய்கிறேன். சங்கத்தின் திறந்தவெளிச் சந்திப்பில் பந்து விளையாடிய நாயொன்று திடீரெனச் சரிந்து விழுந்தது. இந்த இனம் களைத்துப்போனாலும் தானாக நிறுத்தாது. பந்து வரும்வரை ஓடும். முகம் சற்றே குட்டை, தசைகள் உண்டாக்கும் வெப்பமோ அதிகம். மூச்சிரைத்து வெப்பத்தை வெளியேற்றுவது போதாமல் போய்விடுகிறது. நாயின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. உடனிருந்தவர்கள் ஈரத் துண்டைப் போர்த்த முனைந்தார்கள். போர்த்திய துணி வெப்பத்தை உள்ளேயே தேக்கிவிடக்கூடும். உடம்பெங்கும் குளிர்ந்த நீரை ஊற்றி, காற்றுப்படச் செய்து, அதன் பிறகே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். நாய் பிழைத்தது. வெயில் ஏறிய நேரத்தில் சந்திப்பை வைத்தது செயலாளரின் பிழை. அடுத்து வந்த சந்திப்புகளை அதிகாலைக்கு மாற்றிவிட்டோம்.

குணத்தைப் பற்றியும் சில சொற்கள். மனிதரிடம், குறிப்பாகக் குழந்தைகளிடம், இந்த நாய் காட்டும் ஒட்டுதல் இன வரையறையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை நம்பிக் குழந்தையையும் நாயையும் தனியே விட்டுச்செல்வது எந்த இனத்திலும் தகாது. பிற நாய்களிடம் பொறுமை எல்லா ஸ்டாஃபிகளுக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை என்பதால், குட்டிப் பருவத்திலிருந்தே பழக்குவதும், பொது இடத்தில் வாரை அவிழ்க்காமல் இருப்பதும் கட்டாயம். தாடை பூட்டிக்கொள்ளும் என்ற கதைக்கு உடற்கூற்றில் இடமில்லை. தனிமையில் விடப்பட்ட நாய் மெத்தையைக் கிழித்தால் அது பெரும்பாலும் சலிப்பே. நடையோடு மோப்ப விளையாட்டும் சேர்ந்தால் பெரிதும் அடங்குகிறது.

குட்டையான மயிருக்கு வாரம் ஒருமுறை ரப்பர் தூரிகை போதும். தோல் ஒவ்வாமை இந்த இனத்தில் அடிக்கடி காணப்படுவதால் கால்விரல் இடுக்குகளையும் அடிவயிற்றையும் கவனிக்க வேண்டும். தோலில் புதிதாக எந்தக் கட்டி தென்பட்டாலும், சிறியதாயிற்றே என்று காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். நூலகத்திலிருந்து இரவல் போன புத்தகங்கள் சில இன்னும் திரும்பவில்லை. எடுத்தவர்களுக்கு அது தெரியும்.

இறுதியாக, செயற்குழு ஒருமனதாக ஏற்ற தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு வைக்கிறேன்: தாய், தந்தை இருவரின் மரபணுச் சோதனைச் சான்றுகளும், ஆறு வாரக் குட்டிகளின் கண் பரிசோதனைக் குறிப்பும் செயலாளரிடம் தரப்படாத எந்த ஈற்றையும் சங்கம் இனிப் பரிந்துரைக்காது. முன்மொழியவும் வழிமொழியவும் உறுப்பினர்களை அழைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்