சான்றிதழுக்கு 4,500 ரூபாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உளவியல் படிப்புக்கு மவுசு கூடிவருவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை என் மகள்தான் காட்டினாள். திருநெல்வேலியில் பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். முதல் ஆண்டிலிருந்தே இன்டர்ன்ஷிப் போக வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. சரி, எங்கே போவது?

போன கோடை விடுமுறையில் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. 15 நாள், ஆன்லைன், கட்டணம் 4,500 ரூபாய். கட்டினோம். பாதிக்கு மேல் ஏற்கெனவே பதிவுசெய்து வைத்த வீடியோக்கள். கடைசி இரண்டு நாள் ஓர் ஆலோசகர் நேரலையில் பேசினார். தன்னிடம் வந்தவர்களின் கதைகளை ஊர், வேலை எல்லாம் சேர்த்துச் சொன்னாராம். "அந்த ஊர்க்காரங்க கேட்டா ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்மா" என்றாள் மகள். சிகிச்சைக்கு வருபவரின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. இரண்டாம் ஆண்டு மாணவிக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. சான்றிதழ் மட்டும் தங்க நிற முத்திரையோடு பளபளவென்று வந்தது. மருத்துவ உளவியலாளராக வேலை பார்க்க இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும், அதற்கு இளங்கலைக்கு மேலேயும் படிக்க வேண்டும். இந்தச் சான்றிதழை அங்கே யார் கேட்கப்போகிறார்கள்?

அப்புறம் டிசம்பரில், அவளுடைய பேராசிரியை ஒருவர் தன் ஆய்வுக்கு ஆள் வேண்டும் என்று நான்கு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். காசு கிடையாது, பஸ் கட்டணமும் டீயும்தான். ஆங்கில வினாப்பட்டியல் ஒன்றைத் தமிழாக்க வேண்டும். தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் மறுபடி ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்களாம். பிறகு மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களிடம் போய், சம்மதம் கேட்டுவிட்டு, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க வேண்டும்.

அந்த ஒரு மாதமும் வீட்டில் இதே பேச்சு. "அம்மா, 'மனசு சரியில்ல'ன்னா சோகமா, கோபமா, பயமா?" என்று கேட்டாள். ஆளைப் பொறுத்தது என்றேன். "அப்போ அந்த வார்த்தையைப் போட்டா என்ன அளக்குறோம்னே தெரியாதே" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். 4,500 ரூபாயில் இப்படி ஒரு கேள்விகூட அவளுக்குள் எழவில்லை.

ஆனால் இது அதிர்ஷ்டத்தில் கிடைத்தது. எல்லாக் கல்லூரியிலும் ஆய்வு நடப்பதில்லை. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் (மனச்சிதைவு நோய் ஆய்வு அறக்கட்டளை) என்று பெயர் சொல்லக்கூடிய இடங்கள் சென்னையில் இருக்கின்றன. இங்கிருந்து போய்த் தங்க வாடகை, சாப்பாட்டுச் செலவு என்று கணக்குப் போட்டால் அந்த விளம்பரமே மலிவாகத் தெரியும். அதனால்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள்.

அரசின் மாவட்ட மனநலத் திட்டம் 1996இலிருந்து இருக்கிறது. அதிலேயே இந்தப் பிள்ளைகளுக்கு இன்டர்ன்ஷிப் கொடுக்கலாமே. நோயாளியின் பக்கத்தில் இந்தப் பிள்ளைகளை உட்கார வைக்கச் சொல்லவில்லை, அது தப்பு. பள்ளி விழிப்புணர்வு, கருத்துக்கணிப்பு, விவரங்களைக் கணினியில் ஏற்றுவது போன்ற வேலைகளுக்கு உள்ளூர்க் கல்லூரிகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டால் போதும்.

அடுத்த முறை இன்டர்ன்ஷிப் பற்றி எழுதும்போது, கட்டணம் வாங்காத இடங்களை மாவட்டவாரியாக விசாரித்துப் போடுங்கள். திருநெல்வேலிக்கு ஒரு வரியாவது தேறுகிறதா, பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.