ஹால் சொல்லாத மகனுக்கு

மகனே, அஸ்ஸலாமு அலைக்கும்.

பேரன் பள்ளியில் எழுதிக் கொடுக்க பலூச்சிகளில் நம் ரிந்த் குலத்தின் கதையைக் கேட்டிருந்தாய். நீ எழுதியது மொத்தமே இரண்டு வரி. நம் வீட்டுக்கு வழிப்போக்கன் வந்தாலும் உட்காரவைத்து முதலில் ஹால், அதாவது நலமும் சேதியும், கேட்போம். அவனும் புறப்பட்ட இடம் முதல் வழியில் பெய்த மழைவரை சொல்வான். மஸ்கட்டில் நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது.

சரி, கதை. நம் முன்னோர் மீர் ஜலால் கானுக்கு ரிந்த், லாஷார், ஹோத், கோராய் என நான்கு மகன்கள், ஜாதோ என்று ஒரு மகள். அலெப்போவிலிருந்து வந்தோம் என்பது பாட்டு. நம் பலூச்சிப் பேச்சு ஈரானிய மொழிகளில் ஒன்று என்பது படித்தவர்கள் சொல்வது. இரண்டையும் எழுதட்டும். நம் கடற்கரை ஊரான குவாதர் 1958 வரை ஓமானிடம் இருந்ததையும் சேர்க்கச் சொல். அவன் இருப்பது அந்நிய ஊர் இல்லை.

15ஆம் நூற்றாண்டின் கடைசியில் பலூச்சிஸ்தானின் சிபி ஊரில் மீர் சாக்கர் நமக்குத் தலைவர். லாஷாரிகளுக்கு மீர் குவஹ்ராம். ஒட்டக மந்தைக்காரி கோஹர் சாக்கரிடம் பாஹோட்டாக, அடைக்கலமாக வந்தாள். குதிரைப் பந்தயத் தகராறில் லாஷாரிப் பையன்கள் அவளுடைய ஒட்டகக் குட்டிகளை வெட்டிப்போட்டார்கள். அடைக்கலம் வந்தவளின் குட்டியைத் தொட்டது சாக்கரையே தொட்டது மாதிரி. 30 வருஷச் சண்டை என்கிறார்கள். அடைக்கலம் கொடுத்ததைப் பெருமையாக எழுதட்டும். ஆனால் மகனே, ரிந்தும் லாஷாரும் அண்ணன் தம்பி வழி. சண்டை முடிந்தபோது சாக்கருக்குச் சிபியும் மிஞ்சவில்லை. கல்லறை பஞ்சாபில், சத்கராவில் இருக்கிறது.

உன் அண்ணனுக்கு ஒரு ஃபோன் செய். கரேஸில், அந்த நிலத்தடி வாய்க்காலில், யாருக்கு எப்போது தண்ணீர் என்ற முறையைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம். போன மாதம் வந்த பேகம் ஜங்கிப் பேரீச்சம்பழம் அவன் மரத்தில் பறித்தது. பெட்டியைக் கட்டியதும் அவன்தான். சொல்லாதீர்கள் என்றான்.

உன் சித்தப்பா கராச்சியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை. துர்பத் பஸ் நிலையம் வரை போனேன். அவன் முதலில் கூப்பிடட்டும் என்று திரும்பி வந்துவிட்டேன். நான்காம் நாள் மவுத்துச் செய்தி வந்தது. உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது. சாக்கர் பாட்டில் அவர் சபதம் செய்யும் இடத்தை எத்தனை தடவை உங்களுக்குப் பாடிக் காட்டியிருப்பேன்! சிபியை விட்டுப் போகும் இடத்தைப் பாடியதே இல்லை.

அண்ணன் மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பான். பழைய நம்பர்தான்.