இதைச் சின்னவனிடமும் கொடு

ரோசெஸ்டர், அமெரிக்கா,
ஜனவரி, ஞாயிறு.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் வர்க்கிப் பொட்டலமும் வந்து மூன்று வாரம் ஆகிறது. வர்க்கி தூளாகத்தான் வந்தது. ஸ்பூனால் அள்ளித் தின்று தீர்த்தேன். பதில் போடாததற்குச் சாக்குச் சொல்லவில்லை. உன் கடிதத்தின் அடியில் சின்னவன் எழுதியிருந்ததைப் படித்தபின் பேனா ஓடவில்லை: "அண்ணா, நீ போன் செய்தால் அரைமணி நேரம் பேசுகிறார்கள். என்ன சொன்னான் என்று கேட்டால் 'நல்லா இருக்கானாம்' என்கிறாள் அக்கா. அவ்வளவுதானா?"

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தாய். நம் கோத்தகிரி உறைபனி பத்து மணி வெயிலுக்குக் கரைந்துவிடும். இங்கே ஏரிக்காற்று கொண்டுவந்து கொட்டுகிற பனி வாரக்கணக்கில் கிடக்கிறது. ஹீட்டரைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன். அதிகச் சூடு எனக்கு ஆகாது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுத் தாத்தா கதையைக் கேள். நம் சின்னவனைப் போல அவருக்கும் காது கேட்காது. காது கேளாதவர்களுக்கான தேசியக் கல்லூரி 1968 முதல் இங்கே நடப்பதால் இந்த ஊரில் அவரைப் போல நிறையப் பேர். அவர் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினால் விளக்கு மின்னும். போன மாதம் யாரோ ஒரு பெண் என்னைக் கூப்பிட்டு, "இது வீடியோ ரிலே அழைப்பு" என்றாள். மோசடிக் கும்பல் என்று வைத்துவிட்டேன். மறுபடி வந்தது, மறுபடி வைத்தேன். ஐந்து நிமிடத்தில் தாத்தா கதவை இடிக்கிறார், கையில் பனி வாரும் மண்வெட்டி! என் கார் அவர் வழியை மறித்து நின்றதாம். அந்த வாரம் எனக்கு வந்த போனே அது ஒன்றுதான்.

அப்புறம் அவரே உட்காரவைத்துக் காட்டினார். டிவி முன்னால் கையால் பேசுகிறார். திரையில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் அதைப் பார்த்து மறுமுனைக்குக் குரலில் சொல்கிறார், அவர்கள் பேசுவதை இவருக்குச் சைகையில் காட்டுகிறார். முன்பெல்லாம் டைப் அடிக்கும் மெஷின்தானாம். ஒருவர் அடித்து முடிக்கும்வரை மற்றவர் சும்மா இருக்க வேண்டும். 1990-ல் வந்த சட்டத்தால் இந்த வசதி அவருக்கு உரிமை, காசும் இல்லை. என்னைப் போல போன் பில் கட்டுகிறவர்கள் தலையில் கொஞ்சம் கொஞ்சம் விழுகிறது.

மொழிபெயர்ப்பாளர் "அவர் சொல்கிறார்" என்பதே இல்லை, "நான்" என்றுதான் பேசுகிறார். தாத்தா குழாய் ரிப்பேர்காரரைத் திட்டினால் திட்டும் முழுசாகப் போகிறது. கேட்டதை வெளியே சொல்லவும் கூடாதாம். எனக்குச் சுருக்கென்றது. இலைக் கணக்கு குறைகிறது என்று டீ ஃபாக்டரியில் சின்னவன் கால்மணி நேரம் கைவீசிச் சொன்னதை நான், "சரிங்கிறான் சார்" என்று முடித்தேனே, ஞாபகம் இருக்கிறதா?

தாத்தா எழுத்துக்கூட்டுவது ஒற்றைக் கையில், சின்னவன் இரண்டு கையில். இரண்டும் வேறு வேறு சைகை மொழிகள், ஆகையால் சின்னவனிடம் பேச அவரிடம் உதவி கேட்டுப் பயனில்லை. நானே பேசுகிறேன். கரண்ட் போன ராத்திரிகளில் கம்பளிக்குள் டார்ச் அடித்து அவனும் நானும் கையால் பேசிச் சிரித்ததும், அம்மா வந்து டார்ச்சைப் பிடுங்கியதும்... இங்கே கரண்ட் போவதே இல்லை அக்கா.

ஞாயிறு இரவு எட்டு மணிக்குச் சிக்னல் கிடைக்கிற கோயில் மேட்டுக்கு அவனைப் போகச் சொல். எனக்கு அப்போது காலை ஒன்பதரை. விளக்குக் கம்பத்தடியில் நிற்கட்டும், கை தெரிய வேண்டும். நீ போகாதே.

அப்பா முழங்காலைக் குன்னூரில் காட்டினீர்களா? நகையை 20-ஆம் தேதிக்குள் திருப்பி வைக்க வேண்டும். பணம் பத்து நாள் தள்ளி வரும், ஆபீஸில் ஏதோ கணக்கு மாற்றம். அதுவரை வட்டியை மட்டும் கட்டுங்கள். பேங்குக்குச் சின்னவனே போகட்டும், நீ கூடப் போ. அவன் சொல்வதை ஒன்று விடாமல் சொல். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தாலும் நிறுத்தாதே.

அம்மாவை சாம்பார்பொடி அனுப்ப வேண்டாம் என்று சொல். இன்னும் இருக்கிறது.

அன்புடன்,
உன் தம்பி