மகாமகத்துக்கு முன்னாடி நம்ம தெருவையும் ஒரு தடவ பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் கும்பகோணத்துக்காரன். முப்பத்தஞ்சு வருஷம் கட்டட மேஸ்திரியா வேலை பாத்துட்டு இப்போ வீட்டோட இருக்கேன். என் பொண்ணு இங்கிலாந்துல யார்க்னு ஒரு ஊர்ல நர்ஸா இருக்கு, பேரப்புள்ள பொறந்தப்ப நானும் வீட்டுக்காரம்மாவும் போயி அஞ்சு மாசம் கூட இருந்தோம். அங்க பாத்த ஒரு தெருவ பத்தி உங்க பேப்பருக்கு எழுதணும்னு ஊர் திரும்புனதுலேர்ந்து மனசு அடிச்சிக்குது, அதான் எழுதுறேன்.

அந்த தெரு பேரு ஷாம்பிள்ஸ். ஒரு காலத்துல முழுக்க கறிக்கடை தெரு. 1872-ல கூட 25 கறிக்கடை இருந்துச்சாம், இப்போ அந்த கடைங்க இல்ல, ஆனா கறி தொங்கவிட்ட கொக்கியும் பரப்பி வச்ச பலகையும் இன்னும் சில வீட்டு முகப்புல அப்படியே இருக்கு. எல்லாம் மரச்சட்டம் போட்டு கட்டுன வீடு, கீழ உள்ளத விட மாடி தெருப்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும், அதுக்கு மேல உள்ள மாடி இன்னும் கொஞ்சம் நீட்டிக்கிட்டு, சில இடத்துல எதிரும் புதிருமா ரெண்டு வீட்டுக்காரங்க மேலேர்ந்து கை நீட்டுனா தொட்டுக்கலாம் போல இருக்கு. மேல கூடுதலா இடம் கிடைக்கும், கீழ கறி மேல வெயில் படாது. தெருவுல நடுவுல பள்ளமா விட்டு ரெண்டு ஓரமும் நடைபாதைய ஒசத்தி வச்சிருக்காங்க, கழிவ தண்ணி ஊத்தி கழுவி விடுறதுக்கு. ஒரு வீடு கூட நேரா நிக்கல. தூக்குகுண்டு பிடிச்சு பழகுன கண்ணுக்கு மொதல்ல பதறிடுச்சு, அப்பறம் பாத்தா அப்படியே நூத்துக்கணக்கான வருஷமா நிக்குது.

பக்கத்துல குட்ராம்கேட்னு இன்னொரு தெரு, அங்க ஒரு வரிசை சின்ன சின்ன வீடு, 1316-ல கட்டுனது. நம்ம பக்கம் சோழர் ஆட்சி முடிஞ்சு நாப்பது வருஷம் கூட ஆகாத நேரம் அது. நம்ம கிட்ட அதைவிட பழைய கோயில் எத்தனையோ இருக்கு, ஆனா அந்த காலத்து சாதாரண சனங்க குடியிருந்த வீடுனு காட்ட ஒண்ணு இல்லயே. நான் அந்த வரிசைக்கு எதிர்ல ரொம்ப நேரம் நின்னுட்டேன், புள்ள வண்டில தூங்கியே போச்சு.

ஒரு நாள் ஒரு பழைய வீட்டுல பழுது வேலை நடந்துச்சு, சாரம் கட்டியிருந்தாங்க. பூச்ச ஒடச்சு எடுத்த எடத்துல உள்ள பாத்தா மெல்லிசு குச்சிய பின்னி அது மேல களிமண்ணு, வைக்கோல், சாணி கலந்து அப்பியிருக்கு. ஐயா, நம்ம ஊர்ல மூங்கில் வரிச்சு கட்டி மண்ணு அப்புற அதே சுவருங்க! மரத்துக்கு மரம் முளை அடிச்சு சேத்திருக்கு, எந்த மரம் எதோட சேரணும்னு தச்சர் உளியால வெட்டுன குறி கூட இருக்கு, நம்ம ஆசாரிங்களும் அப்படித்தான் குறி போடுவாங்க. மாப்பிள்ளைய விட்டு அங்க இருந்த கொத்தனார்கிட்ட கேக்க சொன்னேன். முன்னாடி இருந்தவங்க வலுவா இருக்கட்டும்னு வெளில சிமெண்ட் பூசிட்டாங்களாம், உள்ள போன ஈரம் வெளில வர வழியில்லாம மரச்சட்டம் இத்துப்போச்சாம், இப்போ சிமெண்ட்ட உரிச்சு எடுத்துட்டு மறுபடி சுண்ணாம்பு பூசுறோம்னார். எனக்கு நெஞ்சுல குத்துன மாதிரி இருந்துச்சு.

ஏன்னா அதே தப்ப நான் செஞ்சிருக்கேன். நம்மது டெல்டா, கொஞ்சம் தோண்டுனா தண்ணி, ஐப்பசி கார்த்திகைல சுவர்ல ஓதம் ஏறும். பழைய ஆளுங்க அதுக்குத்தான் கிளிஞ்சல் சுண்ணாம்ப ஊறவச்சு செக்குல அரைச்சு கடுக்காயும் வெல்லமும் ஊறுன தண்ணி விட்டு பூசுனாங்க, ஓதம் ஏறுனாலும் வெயில் வந்ததும் சுவர் மூச்சு விட்டு காஞ்சிடும். நாங்க என்ன பண்ணோம், திண்ணை வச்ச வீடு, முற்றம் வச்ச வீடுனு போன எடத்துல எல்லாம் பழைய காரைய கொத்தி எறிஞ்சுட்டு சிமெண்ட் பூசுனோம். ஓதம் வெளில வர முடியாம இன்னும் மேல ஏறிடுச்சு, சுவத்துக்குள்ள சொருகியிருந்த உத்திரத்தோட முனை இத்துப்போச்சு, அப்பறம் வீடு பழசாயிடுச்சு இடிச்சுடுங்கனு நாங்களே சொன்னோம். என் கையாலயே தேக்கு தூணு, ரேழி கதவு எல்லாம் கழட்டி பழைய சாமான் வண்டில ஏத்தி விட்டிருக்கேன். வீட்டுக்காரங்க மேல தப்பு சொல்ல மாட்டேன், நாலு அண்ணன் தம்பி பங்கு, ஆளுக்கு ஒரு ஊரு, ஓடு மாத்தவே காசு பத்தாது.

அங்க மட்டும் எப்படி நிக்குதுன்னா சட்டம் இருக்கு. 1947-லேர்ந்து பழைய கட்டடத்த லிஸ்ட் எடுத்து பதிஞ்சு வைக்கிறாங்க, லிஸ்ட்டுல ஏறுன வீட்டுல அனுமதி இல்லாம மாத்துனா அது கிரிமினல் குத்தம். 1967-ல இன்னொரு சட்டம் வந்து ஒரு ஏரியாவையே, தெரு மொத்தத்தையும் சேத்து காப்பாத்தலாம்னு ஆச்சு. அதான் எனக்கு முக்கியமா பட்டது. நம்ம ஊர்ல கணித மேதை ராமானுஜன் இருந்த வீடு சாரங்கபாணி சன்னதி தெருவுல இருக்கு, ஒரு பல்கலைக்கழகம் எடுத்து நல்லா பாத்துக்குறாங்க, திண்ணைலேர்ந்து கிணறு வரைக்கும் பாக்கலாம், சந்தோஷம். ஆனா ஒரு வீட்ட மட்டும் காப்பாத்திட்டு சுத்தி உள்ள தெருவ விட்டுட்டா அந்த புள்ள எந்த மாதிரி தெருவுல நடந்து பள்ளிக்கூடம் போச்சுனு வர்றவங்களுக்கு எப்படி தெரியும்?

யார்க்ல எல்லாமே சரின்னு சொல்லல. 1950, 60கள்ல அவங்களும் ஷாம்பிள்ஸ்க்கு பின்னாடி இருந்த பழைய கட்டடங்கள இடிச்சுதான் மார்க்கெட் போட்டிருக்காங்க. இப்போ அந்த தெருவுல பூரா டூரிஸ்ட் கடை, நான் பாத்தவரைக்கும் வாசல்ல உக்காந்து பேச ஒரு கிழவி இல்ல. நமக்கு அப்படி வேணாம், நமக்கு சனங்க குடியிருக்குற தெருவா வேணும்.

நம்மளால முடியாதா? தரங்கம்பாடிய பாருங்க. 1620-ல டேனிஷ்காரங்க வந்து கோட்டை கட்டுன ஊரு, 1845-ல இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டு போனாங்க. 2004 சுனாமிக்கு அப்பறம் அங்க கவர்னர் பங்களாவ சரி பண்ணாங்க, அதோட நிக்காம திண்ணையும் தூணும் வச்ச நம்ம தமிழ் வீடு சிலதையும் சரி பண்ணிருக்காங்க. கும்பகோணத்துலேர்ந்து பஸ் ஏறுனா ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல போயிடலாம், அதிகாரிங்க ஒரு நாள் போயி பாத்துட்டு வரட்டும்.

2028-ல மகாமகம் வருது. கூட்டம் வரும், ரோட்ட அகலப்படுத்தணும், வடிகால் போடணும், எல்லாம் வேண்டியதுதான். நம்ம சட்டசபையிலயும் 2012-லயே பழைய கட்டடங்கள காப்பாத்துறதுக்கான ஹெரிடேஜ் கமிஷனுக்கு சட்டம் போட்டாச்சு. அதனால வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கோயில சுத்தி உள்ள தெருவெல்லாம் வீடு வீடா போயி, எது பழசு, எது நிக்கும்னு ஒரு லிஸ்ட் எடுங்க. அந்த வீட்டுக்காரங்களுக்கு வீட்டு வரில ஏதாவது குறைச்சு குடுங்க, ஓடு மாத்த உதவி பண்ணுங்க, சும்மா இடிக்காதனு நோட்டீஸ் மட்டும் ஒட்டுனா ராத்திரியோட ராத்திரியா இடிச்சுடுவாங்க. ஐடிஐ-ல படிக்கிற பசங்களுக்கு சுண்ணாம்பு வேலையும் சொல்லிக் குடுங்க.

காரை அரைச்சு பூசத் தெரிஞ்ச ஆளுங்க எனக்கு தெரிஞ்சு இன்னும் மூணு பேர் இருக்காங்க, மூணு பேரும் எழுவது தாண்டுனவங்க. மாநகராட்சில கூப்பிட்டா அவங்கள அழைச்சுக்கிட்டு நானே வரேன், கூலி வேணாம், டீ மட்டும் வாங்கி குடுங்க போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கட்டட மேஸ்திரி,
கும்பகோணம்