வாரத்துக்கு ஒன்று, தினம் ஒன்றல்ல

ஆசிரியருக்கு,

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை மருந்துக் கடைகளில் சீட்டில்லாமலே கிடைக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரை பற்றி எழுதியாக வேண்டும். குறைபாடு உறுதியானால் வாரத்துக்கு ஒன்று, பெரும்பாலும் எட்டு வாரம். பிறகு டாக்டர் சொல்லும் பராமரிப்பு அளவு. இதைச் சத்து மாத்திரை என்று நினைத்துத் தினமும் விழுங்குவது ஆபத்து. கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால், மிஞ்சியது சிறுநீரில் எளிதில் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிவிடும். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல் வரும், சிறுநீரகமும் கெடலாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

வெறும் வயிற்றில் போட்டால் சரியாக உறிஞ்சப்படாது. எண்ணெய், முட்டை, மீன் உள்ள மதியச் சாப்பாட்டோடு போடலாம். உடம்பில் இந்த வைட்டமின் எவ்வளவு என்று காட்டும் 25 ஹைட்ராக்சி வைட்டமின் டி ரத்தப் பரிசோதனையில், ஒரு மில்லி லிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் குறைந்தால் குறைபாடு என்பது பரவலான கணக்கு.

வைட்டமின் டி கிடைக்கக் காலை ஏழு மணி வெயில் போதும் என்பது தவறான நம்பிக்கை. தோலில் அதை உண்டாக்கும் புற ஊதா பி கதிர் அப்போது மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும்போதுதான் தோல் இந்த வைட்டமினை நன்றாகத் தயாரிக்கும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கருத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். ஆனாலும் தோல் எரியும்வரை நிற்கக் கூடாது. நெருக்கமான சந்து வீடுகளில் முடங்கிக் கிடக்கும் முதியவர்களை மொட்டை மாடியில் சிறிது நேரம் உட்கார வையுங்கள். காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கும் மத்தி மீனிலும் இந்த வைட்டமின் உண்டு.

டாக்டர்களே, சீட்டில் 'வாரம் ஒரு முறை' என்பதோடு கிழமையையும் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

மருந்தாளுநர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, வட சென்னை